பக்கத்து வீட்டில் இருக்கிறார் நம் பாட்டனார்



முன்னோரைத் தேடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசர்களைத் தேடுவது பற்றி அல்ல. அவர்களைத் தேட ஆளிருக்கிறது, அவர்களுக்குக் கல்வெட்டும் இருக்கிறது. நான் பேச வந்தது நம் வீட்டு ஆட்களைப் பற்றி. அருப்புக்கோட்டையில் தறியில் உட்கார்ந்தவர், பந்தல்குடிப் பக்கம் கரிசலில் பருத்தி எடுத்தவர், நரிக்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனவர், மழை பொய்த்த வருஷத்தில் மண்டபம் வழியாகக் கப்பலேறியவர் என்று இவர்களைப் பற்றி.

ஒன்று கேட்கிறேன், உள்ளுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவுடைய அப்பா பெயர்? சிலருக்குத் தெரியும், ஏனென்றால் நம் பக்கம் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கிறது. சரி, தாத்தாவுடைய அம்மா பெயர் என்ன? அவர் எந்த ஊரில் பிறந்து இந்த ஊருக்கு வாழ வந்தார்? இப்போது அரங்கம் அமைதியாகிவிட்டது.

திருச்சுழிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் அதை வேறொரு கண்ணால் பார்க்கப்போகிறோம்.

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் ஒரு வீட்டிலிருந்து பதினாறு வயதுப் பையன் காணாமல் போனான். திருச்சுழியில் வக்கீலாக இருந்த சுந்தரம் ஐயரின் மகன். தகப்பனார் 1892இலேயே காலமாகிவிட்டார். பையன் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனான், ஆனால் கீழே கையெழுத்து இல்லை. எங்கே போகிறான் என்ற விவரமும் இல்லை. வீட்டார் தேடினார்கள், கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் ஓர் இளந்துறவி பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த ஊருக்குத் தெரியும். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் தெரியாது.

அங்கே தாலுகா அலுவலகத்தில் ஒரு தலைமை எழுத்தர் இருந்தார். பெயரும் ஊரும் சொல்லாவிட்டால் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் துறவி ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் 'வெங்கடராமன், திருச்சுழி' என்று எழுதிக் காட்டினார். எழுத்தருக்குத் திருச்சுழி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. துறவி பக்கத்தில் கிடந்த பெரியபுராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலங்களில் அந்த ஊர் இருப்பதைக் காட்டினார். அந்த ஒற்றை வரி பிறகு வாய்வழியாகப் பயணம் போயிற்று. மதுரைக்கு வந்த ஒரு தம்பிரான் அந்தத் துறவியைப் பற்றிச் சொன்னார். அதைத் திருமங்கலத்துப் பையன் ஒருவன் கேட்டான். 1898இல் மதுரையில் ஒரு துக்க வீட்டில் உறவுக்காரர்களிடம் அவன் அதைச் சொன்னான். மானாமதுரையிலிருந்து சித்தப்பா நெல்லையப்பையர் போனார், பிறகு தாயார் அழகம்மாள் போனார். ரமணர் கிடைத்தார்.

இங்கே பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டு, தேடல் எப்படி நடந்தது என்று பாருங்கள். என்ன கிடைத்தது? ஒரு பெயரும் ஓர் ஊரும். யாரிடம் கிடைத்தது? வீட்டாரிடம் இல்லை. அரசாங்க எழுத்தர் ஒருவர், மடத்துக்காரர் ஒருவர், வழிப்போக்கன் ஒருவன், எழவு வீட்டுக்கு வந்த கூட்டம். இத்தனை பேர் கை மாறித்தான் செய்தி வீடு சேர்ந்தது. பின்னாளில் சேலத்தில் வக்கீலாக இருந்த பி. வி. நரசிம்மசுவாமி ரமணரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1931இல் வெளியிட்டபோதும் அதே வேலையைத்தான் செய்தார். உறவினர், உடன் படித்தவர், ஊர்க்காரர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சேர்த்தார். சுந்தரம் ஐயர் குடும்பத்தில் முந்தைய தலைமுறைகளிலும் துறவு பூண்டவர்கள் உண்டு என்ற சேதியெல்லாம் அப்படி விசாரித்துத் தெரிந்ததுதான்.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். உங்கள் பாட்டனார் உங்கள் வீட்டுப் பரணில் இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் இருப்பார், கடன் கொடுத்தவர் வீட்டுக் கணக்கில் இருப்பார், அயலூர்ச் சம்பந்தி வீட்டு மொய் நோட்டில் இருப்பார். தனியாகத் தேடினால் அவர் கிடைக்க மாட்டார்.

எப்படி என்கிறீர்களா? ஒரு பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். எழுதிக் கொடுப்பவர் பெயர், தகப்பனார் பெயர், சாதி, தொழில், தெரு எல்லாம் முதல் பத்து வரிக்குள் வந்துவிடும். பெரும்பாலோர் அதோடு மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் நிறுத்தக் கூடாது. கடைசிக்குப் போங்கள், செக்குபந்தி வரும். இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு, இன்னார் வகையறா பாகத்துக்கு மேற்கு. நாலு எல்லையில் நாலு குடும்பம். அதற்கும் கீழே சாட்சிக் கையெழுத்து, கை நாட்டு, எழுதியவர் பெயர். உங்கள் வீட்டுப் பத்திரத்தில் எத்தனை குடும்பத்தின் பாட்டனார்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பாட்டனார் இருக்க மாட்டாரா?

பத்திரம் கரையான் அரித்துப் போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. 1975க்குப் பிந்தைய வில்லங்கம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, கையால் தேட வேண்டும். அங்கே ஆள் பெயரை வைத்து ஓர் அட்டவணையும், சொத்தை வைத்து ஓர் அட்டவணையும் உண்டு. பெயர் வழியாகக் கிடைக்காதவர் சர்வே நம்பர் வழியாகக் கிடைப்பார். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கையில் சிக்கினால் அன்றைக்கு விருந்து வைக்கலாம். அண்ணன் தம்பி அத்தனை பேரும், செத்துப்போன தம்பியின் மைனர் பிள்ளைகளும் அதில் வரிசையாக நிற்பார்கள்.

இந்தப் பக்கத்தில் தேடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் ஊர் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, மாவட்டம்தான் மாறிக்கொண்டே போனது. 1910க்கு முன் திருச்சுழி மதுரை மாவட்டம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உண்டானதும் அதற்குள் போனோம். 1985இல் அதைப் பிரித்து இந்த மாவட்டம் வந்தது, முதலில் காமராஜர் பெயரில், பிறகு விருதுநகர் பெயரில். தாத்தா பிறந்தது ஒரு மாவட்டம், அப்பா பிறந்தது வேறொரு மாவட்டம், பேரன் பிறந்தது இன்னொரு மாவட்டம், வீடு மட்டும் அதே வீடு! அதனால் பழைய காகிதத்தை விருதுநகர் என்று தேடினால் கிடைக்காது. அதோடு இது ஜமீன் பூமி. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வரும் வரை இங்கே பல ஊர்களில் குடியானவன் வரி கட்டியது ஜமீன் கச்சேரியில். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்த ஜமீனில் கிஸ்தி கட்டிய குடியானவர்களின் பெயரை யார் சொல்கிறோம்?

வருஷக் கணக்கிலும் கவனம் வேண்டும். வருவாய்க் கணக்குகளில் பசலி வரும். அதோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். பசலி 1330 என்றால் 1920 ஜூலையில் தொடங்கிய வருஷம். பாட்டிமார் சொல்வது வேறு கணக்கு. 'தாது வருஷப் பஞ்சத்தில் எங்க ஐயா கைப்பிள்ளை' என்பார்கள். தாது வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. ஆனால் தாது வருஷப் பஞ்சம் என்றால் அது 1876இல் தொடங்கியதுதான். பஞ்சம் என்ற சொல்லை விட்டுவிட்டு வெறும் தாது வருஷம் என்று குறித்துக்கொண்டால் ஒரு முழுத் தலைமுறை தவறிப்போகும்.

சரி, காகிதம் அரசாங்கத்திடம் மட்டும்தானா இருக்கிறது? வடநாட்டில் ஹரித்வாருக்குப் போனால் பண்டாக்கள் வம்ச வம்சமாகக் குடும்பப் பேரேடு வைத்திருக்கிறார்கள். நமக்கு அப்படியொன்றும் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் உண்டு. நமக்கும் இருக்கிறது, நாம் அதைப் பேரேடாக நினைப்பதில்லை, அவ்வளவுதான். குலதெய்வம் கோயில் வரி நோட்டு என்ன? தலைக்கட்டு வாரியாகப் பங்காளிகள் பெயர் எழுதி, யார் வரி கட்டினார், யார் பாக்கி, யார் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வருஷா வருஷம் குறித்த நோட்டு அது. கல்யாணம் முடிந்த பையனுக்குப் புதுத் தலைக்கட்டு, இறந்தவருக்குக் கோடு. இதைவிடவா ஒரு வம்சாவளி வேண்டும்? மாசிச் சிவராத்திரிக்குத் திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து பொங்கல் வைத்துவிட்டுப் போகிறோம். அந்த நோட்டை ஒருமுறையாவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா?

மொய் நோட்டு இன்னும் உயர்ந்தது. ஏனென்றால் வரி நோட்டில் பங்காளிகள்தான் இருப்பார்கள். மொய் நோட்டில் மாமன் மச்சான் இருப்பான், சம்பந்தி இருப்பான், கூட்டாளி இருப்பான், ஊர் பெயரோடு இருப்பான். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு மொய் நோட்டைக் கையில் கொடுங்கள், அந்தக் குடும்பம் எந்தெந்த ஊரில் பெண் எடுத்தது, எந்தெந்த ஊருக்குப் பெண் கொடுத்தது என்று நான் சொல்லிவிடுகிறேன். வியாபாரக் குடும்பங்களில் உறவின்முறை மகமைக் கணக்கு உண்டு. தறிக்காரர் வீடுகளில் நூல் கணக்கு, கூலிக் கணக்கு உண்டு. தூக்கிப் போடும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

வழக்கும் வம்பும்கூட நமக்கு உதவும். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் முடிந்தது. தீர்ப்பு நுழைந்தவர்களுக்கு எதிராகப் போனது. 1947 ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகு அப்படி ஒரு தீர்ப்புக்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்த மாதிரி வழக்குகளில் சாட்சிக் கூண்டில் ஏறியவன் முதலில் என்ன சொல்லுவான்? தன் பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், ஊர். அது அவனுடைய கொள்ளுப்பேரனுக்காகச் சொன்னது போலவே அங்கே எழுதிக் கிடக்கும்.

இதுவரை நான் சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? பத்திரம் என்றேன், செக்குபந்தி என்றேன். நிலமே இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்தவன் புஞ்சையில் பாடுபட்டவனுக்குக் கிரயப் பத்திரம் ஏது?

நிலம் இருந்தவன் பத்திரத்தில் இருக்கிறான். நிலம் இல்லாதவன் கப்பல் பதிவில் இருக்கிறான். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. போன ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று எழுதினார்கள். அக்கறையால் அல்ல, ஓடிப்போனால் பிடிக்க! ஆனால் சொந்த ஊரில் ஒரு தாளிலும் பெயர் ஏறாத மனிதனுக்கு அந்தக் கப்பல் பட்டியலில் மச்சம் வரைக்கும் பதிவு இருக்கிறது. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகளோடு புகைப்படங்களும் இருக்கின்றன. அங்கிருந்து தேடி வருகிறவர்களின் கையில் 'மதுரை ஜில்லா' என்றுதான் இருக்கும். 1910க்கு முந்தைய மதுரை ஜில்லாவில் நம் ஊரும் உண்டு என்று அவர்களுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்நிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவை அந்த ஊர்ப்பெயர்கள். பரளச்சி, கல்லூரணி, மண்டபசாலை என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் உள்ளூர்க்காரனுக்குப் பிடிபடும். வேறு யாருக்கும் பிடிபடாது.

சிலோன் கதை இன்னும் நெருக்கமானது. இந்த அரங்கத்திலேயே அந்தக் குடும்பங்கள் இருக்கும். கங்காணி அழைத்துப் போனதால் தோட்டத் துரைக்கு ஆள் கணக்கு தெரியும், ஆளுடைய ஊர் கங்காணிக்குத்தான் தெரியும். பல தலைமுறைக்குப் பிறகு 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து, உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், தாள் காட்டு என்று கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் என்ன தாள் இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேருக்குப் பூர்வீக ஊர் வெறும் பெயராகத்தான் தெரியும். தாத்தா சொன்ன ஊர்ப்பெயர், ஒரு சாமி பெயர், அவ்வளவே. அந்தச் சாமி பெயரை வைத்துக்கொண்டு பங்காளிகளைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. குலதெய்வம் இன்னது என்று தெரிந்தால் கோயில் தெரியும், கோயில் தெரிந்தால் வரி நோட்டு தெரியும். 'ஊரைவிட்டுப் போனவர்' என்ற குறிப்புக்கு எதிரே அந்தத் தாத்தாவின் பெயர் இருக்கும்.

முன்னோர் தாள் இல்லையென்றால் என்னாகும் என்பது நமக்கும் தெரியாததல்ல. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005 பட்டியல்களில் அப்பா அம்மா பெயரைத் தேடித் தமிழ்நாடே அலைந்ததே! இருபது வருஷத்துக்கு முந்தைய பெயரைத் தேடவே அந்தப் பாடு பட்டோம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இத்தனை முறை நடந்திருக்கிறதே, அதில் பார்க்கலாமே என்றால் பார்க்க முடியாது. வீட்டு வாரியான விவரத்தைப் பொதுமக்களுக்குக் காட்டச் சட்டமே இடம் தரவில்லை.

நிலமில்லாதவர்கள் கிடைக்கும் இன்னோர் இடம் தேவாலயப் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் எழுதியிருப்பார்கள், தாயின் பெயரும் இருக்கும், ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனுக்கு நம் மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. இந்த வறண்ட பூமியின் சேதிகள் பாஸ்டனில் அச்சான 'மிஷனரி ஹெரால்டு' பத்திரிகைக்குப் போயின. அந்த மிஷனின் காகிதங்கள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மழை இல்லாத ஊரின் கதையைப் படிக்க அட்லாண்டிக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது!

இனி பெண்களைப் பற்றி. இங்கேதான் எல்லாப் பதிவேடும் கைவிரிக்கிறது. பத்திரத்தில் இன்னார் மனைவி என்றிருக்கும், வரி நோட்டில் அதுவும் இருக்காது. ஆனால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டே. கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணைக் கன்னிச்சாமியாக வைத்துக் கும்பிடுகிறோம். வருஷத்துக்கு ஒருமுறை ஓலைப்பெட்டியில் சேலையும் வளையலும் வைத்துப் படைக்கிறோம். அந்தப் பெண்ணின் பெயர் என்ன? யாருடைய தங்கை? எந்தக் காய்ச்சலில் இறந்தாள்? கிணற்றில் விழுந்தாளா, யாராவது விழ வைத்தார்களா? கேட்டால் 'சாமி' என்கிறார்கள். அவள் சாமியானதற்கு முன் ஒரு வீட்டுப் பிள்ளையாக இருந்தாள் என்பதைக் கேட்டு எழுத வேண்டாமா?

கேட்க வேண்டியவர்கள் கிழவிகள். ஆம்பளைகளிடம் கேட்டால் வம்சப் பெருமை வரும், பெண்களிடம் கேட்டால்தான் உறவுமுறை வரும். யார் யாருக்குக் கொழுந்தியாள், யாருக்கு இரண்டாம் தாரம், எந்த வீட்டில் எத்தனை பிள்ளை தங்கவில்லை என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. ஒப்பாரி வைக்கத் தெரிந்த கிழவி ஒருவர் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். பிறந்த ஊர், உடன்பிறந்தான் பெயர், வந்த சீர் எல்லாம் அந்த அழுகைக்குள் வந்துவிடும்.

பெருமை என்றேன். அதைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நான் விசாரித்த குடும்பங்களில் எல்லோருடைய மூதாதையும் குதிரையில்தான் வந்திருக்கிறார், நடந்து வந்தவர் ஒருவருமில்லை! எல்லோரும் அரச பரம்பரை என்றால் இத்தனை கண்மாயை யார் வெட்டினார்கள்? கி. ராஜநாராயணன் 1976இல் எழுதிய 'கோபல்ல கிராமம்' தெலுங்கு பேசும் ஒரு குடும்பம் உயிருக்குப் பயந்து தெற்கே ஓடிவந்து காட்டைத் திருத்திய கதை. ஓடிவந்ததைச் சொன்னதால் அந்த நாவலின் மதிப்புக் குறைந்துவிட்டதா? இங்கே கன்னடம் பேசும் நெசவாளர், தெற்கிலிருந்து வண்டியோடு வந்த வியாபாரி, தெலுங்கு பேசும் சம்சாரி, முன்பே இருந்தவர் என்று பலரும் கலந்துதான் ஊர். தேடப் போனால் கடன் வரும், பஞ்சம் வரும், ஜப்தி வரும், ஒரு வழக்கில் உங்கள் பாட்டனார் பொய்ச் சாட்சி சொன்னதும் வரலாம். அதைத் தாங்க மனமில்லாதவர் தேட வேண்டாம். சாதிப் பெருமைக்கு ஆதாரம் வேண்டித் தேடுகிறவருக்கு நான் உதவ மாட்டேன். அவருக்கு வேண்டியதை அவரே இட்டுக்கட்டிக்கொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்தவர்களைத் தேடுகிறோம், இருப்பவர்களுக்கு மானம் இருக்கிறது. தத்துக் கொடுத்த பிள்ளை, மறைத்த கல்யாணம் எல்லாம் கண்ணில் படும். உயிரோடு இருப்பவர் சம்மதம் இல்லாமல் அதை வாட்ஸ்அப்பில் போடுவது வரலாறு அல்ல, வம்பு.

வேலையை எப்படித் தொடங்குவது? ஊருக்கு நாலைந்து பேர் சேருங்கள். எல்லோரும் ஒரே சாதியாக இருக்க வேண்டாம், இருக்கவும் கூடாது. செக்குபந்தியில் நாலு எல்லைக்காரனும் ஒரே சாதியாகவா இருக்கிறான்? ஒருவர் பத்திரங்களைப் படம் எடுக்கட்டும். பழைய எழுத்தும் தமிழ் எண்ணும் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் உட்காரட்டும். 1980 நவம்பரில் கர்ணம், முன்சீப் பதவிகளை அரசு ஒழித்தபோது பழைய கட்டுகள் சில வீடுகளிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டாரிடம் பணிவாகக் கேளுங்கள், மூலத்தைக் கேட்காதீர்கள், படம் எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள். எதைக் கேட்டாலும் யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஒருவர் சொன்னது சேதி, இரண்டு பேர் தனித்தனியே சொன்னால் சான்று. ஒருவர் வீட்டுத் தாளில் இன்னொருவர் பாட்டனார் கிடைத்தால் அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளே, உங்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையில் நல்ல கேமரா உள்ள போன் இருக்கிறது. வரும் சிவராத்திரிக்குச் சாமி கும்பிட்டு முடித்ததும் வரி நோட்டு வைத்திருக்கும் பெரியவரிடம் போய், ஐயா, இதைப் பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். ஆனால் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால் சிவராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய அம்மா பெயரைக் கேட்டு எழுதிவிட்டுத் தூங்குங்கள்.